எங்கள் வீட்டுத் தூக்கு ஜன்னல்கள்

மாசி மாதத்தில் ஒரு காலை, எங்கள் வீட்டுத் தெருப்பக்க ஜன்னலின் கயிறு அறுந்தது. அப்போது ஜன்னலைத் தூக்கிக்கொண்டிருந்தவர் என் கணவரின் அக்கா. நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். கீழே தெருவில் மொஹிங்கா விற்கிறவள் வந்து நின்றிருந்தாள். யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், மாடி வீட்டுக்காரர்கள் எல்லோரும் செய்வதுபோல, பையைக் கயிற்றில் கட்டி இறக்கினால் அவள் மீன்குழம்பையும் சேவையையும் பொட்டலம் கட்டி அதில் வைத்துவிடுவாள். நாங்கள் இருப்பது நான்காம் மாடி. படியிறங்கி ஏறுவதற்குள் சாப்பாடு ஆறிவிடும்.

மதினி கண்ணாடிச் சட்டத்தின் அடிப்பாதியை மேலே தள்ளினார். அதன் ஒரு பக்கக் கயிறு போன வருடமே போயிருந்தது. மிச்சமிருந்த ஒன்றும் அன்றைக்கு விட்டுவிட்டது. சுவருக்குள்ளே ஏதோ கனமானது தடால் என்று விழுந்த சத்தம் கேட்டது. உடனே சட்டம் முழுவதும் சரிந்து வந்து அடிக்கட்டையில் மோதியது. மதினி சரியான நேரத்தில் கையை இழுத்துக்கொண்டார். கண்ணாடிக்கும் ஒன்றும் ஆகவில்லை. பை மட்டும் கயிற்றோடு தெருவுக்குப் போய்விட்டது.

"போதும்" என்றார் மதினி. "இனிமே இந்தச் சனியன் இந்த வூட்டுல வேணாம். அலுமினியம் போட்டுருவோம்."

அவர் அதைச் சொல்வது முதல் தடவை இல்லை. ஆற்றுக்கு அக்கரையிலுள்ள தன்லியினில் கணவரோடு முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தவர். கணவர் காலமான பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். இங்கே என்றால் அவர் பிறந்த வீடு. மிங்கலா தாங்ஞுன்டில், ரயில் பாதைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் இந்தப் பழைய கட்டடத்தில் அவருடைய அப்பா குடிவந்தார். என் மாமனார் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். நான் கல்யாணமாகி வந்தபோது அவர் இல்லை. சுவரில் படமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

மதினியின் மகளுக்கு வைகாசியில் நிச்சயதார்த்தம் என்று பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் நகரத்தின் இன்னொரு பக்கம், க்யிம்யிண்டைங்கிலிருந்து வருவார்கள். அதற்குள் வீட்டைக் கொஞ்சம் பார்க்கிற மாதிரி செய்ய வேண்டும் என்பது மதினியின் கவலை. பெயிண்ட் உரிந்து, பாதி திறக்காமல், பாதி மூடாமல் நிற்கிற மூன்று ஜன்னல்களும் அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தன.

எனக்கோ அந்த ஜன்னல்கள் மேல் தனிப் பிரியம். அதற்குக் காரணம் என் வேலை. நான் இருபது வருடத்துக்கு மேல் சுற்றுலா வழிகாட்டியாக இருந்தவள். வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு நகரத்தின் பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டுவேன். இப்போது யாரும் வருவதில்லை, வேலையும் இல்லை. ஆனால் அந்த நாட்களில் நான் சொல்லிக்கொடுத்ததைவிடக் கற்றுக்கொண்டது அதிகம்.

ஒரு முறை ஒரு வயதான ஆங்கிலேயப் பெண்மணி வெயிலில் களைத்துப்போனார். பக்கத்தில்தான் வீடு என்பதால் தண்ணீர் குடிக்க மேலே கூட்டி வந்தேன். அவர் தண்ணீரை மறந்துவிட்டு நேராக ஜன்னலிடம் போனார். ஒரு விரலால் சட்டத்தைத் தள்ளிப் பார்த்தார். அப்போது கீழ்ச் சட்டம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. தள்ளிய இடத்தில் சட்டம் நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளினார், அங்கேயும் நின்றது. அவர் முகத்தில் சொந்தக்காரரைக் கண்ட சந்தோஷம்.

"எங்கள் ஊர் ஜன்னல்" என்றார். பிறகு சட்டத்தில் பெயிண்ட் உதிர்ந்திருந்த மூலையைத் தடவிப் பார்த்தார். "ஆனால் மரம் எங்கள் ஊர் மரமில்லை. இது தேக்கு. எங்கள் வீட்டில் பைன். சில வருடத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு மூலை உளுத்துப்போகும். நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்."

அதுவரை அது வெறும் ஜன்னலாகத்தான் இருந்தது. அன்றைக்கு அவர் உட்கார்ந்து சொன்னதையும், பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்துப் பார்த்தபோது, நம் வீட்டில் இப்படி ஒன்றா என்று எனக்கே நிமிர்ந்து உட்காரத் தோன்றியது.

இங்கிலாந்தில் முந்நூறு வருடத்துக்கும் மேலாக இருக்கிற ஜன்னல் இது. கீல் கிடையாது. கதவுபோல வெளியே விரியாது. ஒன்றன் முன் ஒன்றாக இரண்டு கண்ணாடிச் சட்டங்கள். மேலே உள்ளதைக் கீழே இறக்கலாம், கீழே உள்ளதை மேலே ஏற்றலாம். ஒவ்வொரு சட்டத்தின் இரு பக்கமும் கயிறு. கயிறு ஒரு சின்னக் கப்பியில் ஏறி, சுவரை ஒட்டிய மரப்பெட்டிக்குள் இறங்கும். அங்கே அதன் நுனியில் ஓர் இரும்புக் குண்டு தொங்கும். குண்டின் கனமும் சட்டத்தின் கனமும் சரிக்குச் சரி. அதனால்தான் தள்ளிய இடத்தில் அப்படியே நிற்கிறது. லண்டன் மாநகரம் ஒரு தடவை தீப்பிடித்து எரிந்ததற்குப் பிறகு, மரச்சட்டம் வெளிச்சுவரோடு ஒட்டி இருக்கக்கூடாது, உள்ளே தள்ளித்தான் வைக்க வேண்டும் என்று விதி செய்தார்களாம். எங்கள் ஜன்னல்களும் சுவருக்குள் ஒரு சாண் பதுங்கித்தான் இருக்கின்றன. லண்டனில் நெருப்புக்குப் பயந்து செய்தது மிங்கலா தாங்ஞுன்டில் மழைக்கு உதவுகிறது.

மேல் சட்டத்தின் அடியில் இரண்டு ஓரத்திலும் வளைந்த சின்னக் கொம்பு போல மரம் நீட்டிக்கொண்டிருக்கும். நான் அது அலங்காரம் என்று நினைத்திருந்தேன். கண்ணாடி பெரிதாகிக் கனம் கூடியபோது மூலை விட்டுப்போகாமலிருக்க வைத்த தாங்கல் அது. கொம்பு இருந்தால் பிற்காலத்து ஜன்னல், இல்லாவிட்டால் அதற்கு முந்தியது என்று அந்தப் பெண்மணி சொன்னார். ரங்கூனில் பெரும்பாலான பழைய வீடுகளுக்கு வெளியே விரிகிற மரக்கதவு ஜன்னல்தான். எங்கள் கட்டடத்தைக் கட்டியவர் ஏனோ இதை விரும்பியிருக்கிறார். ஜன்னலின் வரைபடம், இரும்புக் குண்டோடு சேர்த்து, அங்கிருந்து கப்பலில் வந்தது. தேக்கு இங்கிருந்து கப்பலில் அங்கே போனது. எங்கள் கட்டடத்தில்தான் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அந்த நாளுக்குப் பிறகு கட்டடங்களைச் சுற்றிக் காட்டும்போது, கடைசியில் எங்கள் தெருவில் நிறுத்தி மேலே கையைக் காட்டாமல் நான் யாரையும் அனுப்பியதில்லை.

இதையெல்லாம் மதினியிடம் சொன்னேன். அவர் கேட்டார். பிறகு, "எல்லாஞ் சரி. திறக்குதா?" என்றார்.

திறக்கவில்லை. என் கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விட்டார். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் அவர் எப்போதும் இருக்கிற இடம் அது.

அலுமினியக் கடைக்காரர் அளவெடுக்க வந்தார். பர்மியர், நடுத்தர வயது, நல்ல மரியாதை. மூன்று ஜன்னலையும் அளந்தார். திறந்து மூடும் பகுதி ஒரு ஓரம்தான், மற்றதெல்லாம் அசையாத கண்ணாடி, ஏசிக்கு அதுதான் நல்லது என்றார். பிறகு போகிற போக்கில் ஒன்று சொன்னார். பழைய சட்டங்களைக் கழற்றுவதும் தூக்கிக்கொண்டு போவதும் அவர் பொறுப்பு. குப்பைதானே, நாங்கள் சிரமப்பட வேண்டாம். பெட்டியோடு, கட்டையோடு, ஒன்று விடாமல் அவரே எடுத்துக்கொள்வார்.

மதினி தலையாட்டினார். கடைக்காரர் படியிறங்கிப் போனதும் மதினி கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றார்.

"ஏ புள்ள, இவன் எதுக்குக் குப்பைய இவ்ளோ ஆசையா கேக்குறான்?"

"தேக்குன்னு சொன்னேனே மதினி."

"நீ சொன்னது வெள்ளக்காரம்மா கத. இவன் ஏவாரி."

சமையலறைக்குப் போய்க் கத்தியை எடுத்து வந்தார். ஜன்னலின் உள்பக்கச் சட்டத்தில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குப் பெயிண்டைச் சுரண்டினார். வெள்ளை, அதன் கீழே பச்சை, அதற்கும் கீழே ஒரு மங்கிய பழுப்பு என்று அடுக்கடுக்காக வந்தது. கடைசியில் பொன்னிறமாக மரம் தெரிந்தது. மதினி மூக்கை அதனிடம் கொண்டுபோனார். தன்லியினில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மர அறுவை மில் இருந்தது. அந்த வாசனையிலேயே துணி உலர்த்தி, சோறாக்கி, பிள்ளை வளர்த்தவர்.

பிறகு கத்தியைத் துடைத்தார்.

"இப்ப வர்ற தேக்கு இது இல்ல. இது கெழட்டு மரம். இத அவன் கொண்டுபோயி மேச பண்ணி விப்பான். நம்ம அப்பா வூட்டு ஜன்னல் எவன் வூட்டுலயோ மேசயா நிக்கணுமா?"

மறுநாள் கடைக்காரருக்கு போன் போட்டு வேண்டாம் என்று சொன்னவர் மதினிதான். அதன் பிறகு என் பக்கம் திரும்பி, "சரி, இதத் தெறக்க வய்யி. நீதானே பெரிய கெய்டு" என்றார்.

எனக்குச் சரித்திரம் தெரியும், திருப்புளி பிடிக்கத் தெரியாது. ஆனால் சொல்லிவிட்டேன், பின்வாங்க முடியாது. மின்சாரம் இருந்த ஒரு மத்தியானம் மதினியின் மகள் தன் போனில் அயல்நாட்டுக்காரர் ஒருவர் இப்படி ஒரு ஜன்னலைப் பிரித்துப்போடுகிற வீடியோவைத் தேடி எடுத்தாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச்சு பர்மாவில்தான் வரும், பர்மிய மொழியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நான் ஆங்கிலத்தைக் கேட்டுத் தமிழில் சொன்னேன். அவள் எங்கள் இருவரையும் பார்த்து பர்மாவில் சிரித்துக்கொண்டே ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாள்.

நடு ஜன்னலில் ஆரம்பித்தோம். முதலில் பெயிண்ட். எத்தனையோ தடவை அடித்த பெயிண்ட் சட்டத்தையும் சுவரையும் ஒன்றாக ஒட்டவைத்திருந்தது. மேல் சட்டம் இறங்கி, என் கல்யாணத்துக்குப் பிறகு நான் ஒருபோதும் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் மட்டும் அது இனி இறங்காது என்றே விட்டிருந்தேன். மதினி ஸ்டூலில் ஏறி, கத்தியால் இடுக்கு நெடுகக் கீறினார். நான் பக்கவாட்டில் ஓடுகிற மெல்லிய மர ரீப்பரை உளி வைத்து நெம்பினேன். முதல் ரீப்பரை உடைத்துவிட்டேன். மதினி திட்டவில்லை. "அடுத்தத மெதுவா" என்றார். அடுத்தது முழுசாக வந்தது.

ரீப்பர் போனதும் கீழ்ச் சட்டம் கையோடு வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் அதைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினோம். இவ்வளவு கனமா என்று இரண்டு பேருக்கும் ஆச்சரியம். ஒரு காலத்தில் தினமும் ஒரு விரலால் ஏற்றி இறக்கிய பொருள் அது. பக்கவாட்டுப் பலகையின் அடியில், பெயிண்டுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னப் பலகைக் கதவு மறைந்திருந்தது. அதை நெம்பி எடுத்தால் பெட்டிக்குள் கை போகும்.

மதினிதான் கை விட்டார். தூசி, காக்கை கொண்டுவந்து போட்ட சுள்ளி, ஒரு துருப்பிடித்த கொண்டை ஊசி. பிறகு குண்டு. உருண்டையாக, நீளமாக, மேலே கயிறு கோக்க ஒரு துளையோடு இருந்தது. அச்சில் வார்த்த இரும்பு. நடு ஜன்னலின் இரண்டு பெட்டியிலும் அப்படியே இருந்தன. இடது ஜன்னலிலும் அப்படியே. கயிறு அறுந்த வலது ஜன்னலில் மட்டும் மதினி கையை விட்டவர், வெளியே எடுக்காமல் முகம் சுளித்தார்.

"இது உருண்ட இல்ல. என்னமோ பட்டையா இருக்கு."

இரண்டு கையாலும் இழுத்து வெளியே எடுத்தார். அது தண்டவாளத் துண்டு. ரயில் சக்கரம் ஓடுகிற தலைப் பகுதியை மட்டும் விட்டு, அடிப்பட்டையை அறுத்து எடுத்திருந்தார்கள். அறுத்த விளிம்பு முழுவதும் அரம் போட்டு வழவழவென்று இருந்தது. மேலே ஒரு துளை, சுத்தமான துளை. துளையின் வாயையும் கயிறு தேயாமலிருக்க உருட்டிவிட்டிருந்தார்கள். அடுத்த பெட்டியில் அதற்கு ஜோடி ஒன்று இருந்தது.

மதினி அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா" என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே சொன்னார்.

"நான் சின்னப்புள்ள. தெருவுல யாரோ பந்தடிச்சி இந்தக் கண்ணாடி ஒடஞ்சி போச்சி. அப்ப நல்ல கண்ணாடி கெடைக்காது. கெடச்சதப் போட்டாங்க, தடிக் கண்ணாடி. அதுக்கப்புறம் ஜன்னலு நிக்கவே மாட்டேங்குது, எறங்கி எறங்கி வருது. அம்மா கம்பு குடுத்து நிறுத்தி வப்பாங்க. ஒரு நாள் அப்பா பட்டறையிலேந்து கோணிச் சாக்குல எதயோ சுத்திக்கிட்டு மேல ஏறி வந்தாரு. கழிச்சிப் போட்டதுல மேஸ்திரிகிட்ட கேட்டு வாங்குனதுன்னு அம்மாகிட்ட சொன்னாரு. கிட்ட வராதீங்கன்னு எங்கள வெரட்டுனாரு. அன்னயிலேந்து ஜன்னலு நின்னுச்சி. என்ன பண்ணுனாருன்னு இன்னய வரைக்கும் எனக்குத் தெரியாது."

நாங்கள் கண்ணாடியை அளந்து பார்த்தோம். மற்ற இரண்டு ஜன்னலைவிட அதில் கண்ணாடி நிஜமாகவே தடிப்பு. கண்ணாடி கனம் கூடியதால் குண்டும் கனம் கூட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஜன்னலைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறார். கடையில் கிடைக்காத குண்டை அவர் தான் அறிந்த இரும்பில் செய்துவிட்டார். கப்பலில் வந்த குண்டு அச்சில் வார்த்தபடி சொரசொரவென்று இருந்தது. பெட்டிக்குள் யார் கண்ணிலும் படாமல் தொங்கப்போகிற பொருளுக்கு என் மாமனார் அரம் போட்டிருந்தார்.

சாயங்காலம் என் கணவர் வந்தார். மதினி அந்தத் தண்டவாளத் துண்டைத் தம்பியின் கையில் கொடுத்தார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துளைக்குள் விரலை விட்டுச் சுற்றினார். "அப்பா வேல" என்றார். மறுநாளிலிருந்து செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு உப்புத்தாளை எடுத்துக்கொண்டார்.

கயிற்றுக்காக நானும் மதினியும் க்யிம்யிண்டைங் போனோம். படித்துறைக்குப் பக்கத்துச் சந்தையில் படகுக்கு வேண்டிய எல்லாமே கிடைக்கும். முதலில் பளபளவென்று இருந்த நைலான் கயிற்றை வாங்கி வந்து மாட்டினோம். முடிச்சு வழுக்கிக்கொண்டே போனது. மறுபடி போய், பின்னிய பருத்திக் கயிறு கேட்டோம். கடைக்காரி எந்தப் படகுக்கு என்று கேட்டாள். ஜன்னலுக்கு என்றார் மதினி. அவள் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே போய் நல்ல கயிறாக எடுத்து வந்தாள்.

அதிலும் ஒரு தப்புச் செய்தோம். கயிற்றைத் தாராளமாக விட்டுவிட்டோம். சட்டம் பாதிக்கு மேல் ஏறும்போதே குண்டு பெட்டியின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. குண்டு தரையில் உட்கார்ந்தால் யார் சட்டத்தைத் தாங்குவது? சட்டம் சரிந்தது. இந்தத் தடவை நாங்கள் மூன்று பேரும் கீழே கை கொடுத்துத் தயாராக இருந்தோம். முழுக்கக் கழற்றி, கயிற்றைக் குறைத்து, திரும்ப மாட்டினோம். ஓடுகிற தடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தோம். மின்சாரம் இல்லாத ஊரில் மெழுகுவர்த்திக்கா பஞ்சம்.

பங்குனி முடியும்போது முதல் ஜன்னல் ஓடியது. மதினி ஒரு விரலால் தள்ளினார். சத்தமே இல்லாமல் ஏறிப்போய் நின்றது. இன்னொரு விரலால் மேல் சட்டத்தை இறக்கினார். என் கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக அது இறங்கியது. கூரையை ஒட்டி அடைந்து கிடந்த சூடு அந்த வழியாக வெளியே போவதை நாங்கள் முகத்தில் உணர்ந்தோம். கீழே இருந்து தெருக்காற்று உள்ளே வந்தது. மேலே சூட்டுக்கு வழி, கீழே காற்றுக்கு வழி. இதற்காகத்தான் இரண்டு சட்டமும் அசைகிற மாதிரி செய்திருக்கிறார்கள். சுற்றுலாக்காரர்களுக்கு நான் எத்தனையோ தடவை விளக்கிச் சொன்ன விஷயம். என் வீட்டில் அதை அன்றைக்குத்தான் அனுபவித்தேன்.

வைகாசியில் மழை முந்திக்கொண்டது. நிச்சயதார்த்தத்தன்று காலையிலிருந்தே புழுக்கம். மாப்பிள்ளை வீட்டார் தாம்பாளத் தட்டுகளோடு நான்கு மாடி ஏறி வந்து உட்கார்ந்தார்கள். பாக்கு வெற்றிலை மாற்றுவதற்கு முன்னால் மின்விசிறி நின்றது. இந்த ஊரில் மின்சாரம் போவது ஒரு செய்தியே இல்லை. பெண்கள் விசிறிக்குக் கை நீட்டினார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. சாய்ந்து அடிக்கிற மழை.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துகொள்ளப் பார்த்தார். "ஜன்னல சாத்துங்க சம்பந்தி, பட்டெல்லாம் நனஞ்சிரும்."

மதினி எழுந்தார். கீழ்ச் சட்டத்தை ஒரு விரலால் முழுக்க இறக்கினார். மேல் சட்டத்தை ஒரு சாண் இறக்கி விட்டார். மூன்று ஜன்னலிலும் அப்படியே. சுவருக்குள் பதுங்கிய ஜன்னல் என்பதால் அந்த உயரத்துக்கு மழை எட்டவில்லை. காற்று மட்டும் வந்தது, மழையில் நனைந்த குளிர்ந்த காற்று. விசிறிகள் ஒவ்வொன்றாக மடிக்குப் போயின.

மாப்பிள்ளையின் அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்வெர்ட்டர் வச்சிருக்கீங்களா?"

"இல்ல சம்பந்தி. ஜன்னல் வச்சிருக்கோம்."

"எங்க வூட்டுல எல்லாத்தயும் மாத்திட்டோம். அசயாத கண்ணாடி. மீ போச்சின்னா மாடிப்படில போயி உக்காருவோம்." மீ என்றால் இங்கே மின்சாரம். "இது யாரு செஞ்சி குடுத்தாங்க?"

மதினி அதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்து நின்றார். பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வலது ஜன்னலிடம் போனார். அடியிலிருந்த சின்னப் பலகைக் கதவைக் கழற்றினார். சம்பந்தியம்மாளைக் குனிந்து உள்ளே பார்க்கச் சொன்னார். மாப்பிள்ளையும் குனிந்து பார்த்தான். போனில் வெளிச்சம் போட்டுக் காட்டினவள் கல்யாணப் பெண்.

"கயிறு நாங்க மூணு பேரு மாட்டுனது. அந்த இரும்பு எங்க அப்பா செஞ்சது. பொண்ணோட தாத்தா. ரயில்வேல ஃபிட்டரு."

அந்தக் குரலை நான் அதற்கு முன் அவரிடம் கேட்டதில்லை. தன்லியினிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து இறங்கிய நாள் முதல், தம்பி வீட்டில் இருக்கிறோம் என்று கொஞ்சம் ஒடுங்கியே இருந்தவர். அன்றைக்கு ஒரு வீட்டின் மகளாக நின்று பேசினார். என் கணவர் தட்டை எடுக்க வந்தவர், தட்டை மறந்து அக்காவைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெற்றிலை மாற்றியது கொஞ்சம் தாமதமாகத்தான். நல்ல நேரம் முடிவதற்குள் மாற்றிவிட்டோம்.

விஷயம் படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கியது. இரண்டாம் மாடியில் ஒரு பர்மிய அம்மாள் இருக்கிறார். அவர் போன வருடமே அலுமினியம் போட்டவர். மேலே வந்து எங்கள் ஜன்னலை ஏற்றி இறக்கிப் பார்த்தார். அவருடைய பழைய சட்டங்கள் எங்கே போயின என்று அவருக்கே தெரியாது. மதினி நினைத்திருந்தால் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்து, கரண்ட் போகிற நேரமெல்லாம் மேலே வந்து உட்காருங்கள் என்று பர்மாவில் சொன்னார். அவர் இப்போது அப்படித்தான் வருகிறார், பின்னல் வேலையையும் எடுத்துக்கொண்டு.

மூன்றாம் மாடியில் தமிழ் முஸ்லிம் குடும்பம். சந்தையில் துணிக்கடை வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டு அக்காவை அவர்கள் வழக்கப்படி லாத்தா என்போம். அவர் ஜன்னலைக் கழற்றவில்லை, பெயிண்ட் பூசி அடைத்துவைத்திருந்தார். "எங்களதயும் தெறந்து விடுங்க" என்று அவர் கேட்டபோது மதினி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதே உளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நான் ரீப்பரை நெம்ப, மதினி கயிறு அளக்க, லாத்தா உப்புத்தாள் தேய்க்க, வேலை எங்கள் வீட்டைவிட வேகமாக நடந்தது. அங்கே எல்லாக் குண்டும் கப்பலில் வந்த குண்டுதான். மதினிக்கு அதில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்ததை நான் கவனித்தேன்.

கடைசி ஜன்னலும் ஓடிய அன்று லாத்தாவின் வீட்டுக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்தார். ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். "இவ்ளோ நாளு இது சொவருன்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றார்.

அன்றைக்கு மழை விட்டிருந்தது. மதினி கைகழுவிக்கொண்டு, "வா, கீழ போயிப் பாப்போம்" என்றார். நாங்கள் இருவரும் தெருவைக் கடந்து எதிர்ப்புற டீக்கடைக்கு முன்னால் நின்றோம். மூன்றாம் மாடி, நான்காம் மாடி இரண்டிலும் எல்லா ஜன்னலும் மேலே ஒரு சாண், கீழே ஒரு முழம் திறந்திருந்தன. கழுவிய கண்ணாடியில் வானம் தெரிந்தது. லாத்தா ஒரு ஜன்னலிலிருந்து கயிற்றில் பையை இறக்கிக்கொண்டிருந்தார். மதினி கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, இடுப்பில் கை வைத்து, அண்ணாந்து நின்றார்.

டீக்கடைக்காரர் வெளியே வந்து நாங்கள் பார்க்கிற பக்கமே பார்த்தார். மேலே என்ன, ஏதாவது விழப்போகிறதா என்று கேட்டார்.

"ஒண்ணும் விழாது" என்று மதினி பர்மாவில் பதில் சொன்னார். "எங்க ஜன்னல். நாங்க மாட்டுனது."

பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இரண்டு டீ சொன்னார்.